மூன்றாவது குழி

மனையில் மூன்று குழிகள் தயாராக இருந்தன. மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை வெல்டர்தான் தோண்டினான். முழங்கால் ஆழம், ஒரு முழம் அகலம். கடப்பாரை பிடித்த கையில் இரண்டு கொப்புளம் வந்து உடைந்து, திங்கட்கிழமை பட்டறையில் வெல்டிங் துப்பாக்கியைப் பிடிக்க முடியாமல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தான்.

குழி எதற்கு? வீட்டுக்கா? இல்லை. வீட்டிலிருந்து வெளியே போகும் தண்ணீருக்கு.

போன வாரம் நகரசபை அலுவலகத்தில் நடந்தது அது. ஒரு மாதமாக உட்கார்ந்து வரைந்த வீட்டுப் படத்தை வெல்டரும் மனைவியும் மேஜையில் விரித்தார்கள். கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை, படுக்கையறையை ஒட்டிக் கக்கூஸ். இன்ஜினியரம்மா படத்தைப் பார்த்தாள். திருப்பி வெள்ளைப் பக்கத்தையும் பார்த்தாள்.

"கக்கூஸ் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டாள்.

வெல்டர் யோசித்துவிட்டு, "கீழ போகும் மேடம்" என்றான்.

"கீழன்னா?"

அந்தப் பகுதியில் பொதுச் சாக்கடை கிடையாது. தொட்டி கட்டி, அதிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் விட வேண்டும். மண் குடிக்குமா, எவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்கு அனுமதி. மண் குடிக்காவிட்டால் வீடு இல்லை. அவ்வளவுதான்.

படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டவள் தையல்காரி. அவள் வெல்டரின் மனைவி. ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைப்பவள். பதினோரு வருடமாக ஆறு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ் இருக்கிற வரிசை வீட்டில் குடியிருக்கிறாள். காலை ஐந்து மணிக்கு வாளியோடு நின்றால் ஐந்தே முக்காலுக்குள் முறை வரும். மாமியாருக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. போன புதன்கிழமை உள்ளே உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் அரைமணி நேரம் கத்தியிருக்கிறாள். கடைசியில் தாழ்ப்பாளை உடைத்து மருமகள்தான் உள்ளே போய்த் தூக்கினாள். வெளியே நின்றிருந்த ஐந்து குடித்தனமும் பார்த்தது. மாமியார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பிட்டால்தானே போக வேண்டும்.

ஆகவே இந்த மூன்று குழிகள்.

*

காலை ஒன்பது மணிக்கு இன்ஜினியரம்மா முட்டிவரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். முந்தின நாளே நிரப்பி ஊறவிட்ட குழிகள். ஒவ்வொன்றிலும் பக்கவாட்டில் ஒரு ஆணி அடித்து, மனையோரத்து டிரம்மிலிருந்து ஆணி மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மணியைக் குறித்துக்கொண்டாள்.

"எனக்கு இன்னும் ரெண்டு மனை பாக்கணும். பதினொண்ணேகாலுக்கு வருவேன். அதுவரைக்கும் யாரும் குழியில கைய வைக்கக் கூடாது. நீங்க இருந்து பாத்துக்குங்க."

"ஒரு ஈ உக்காராது மேடம்" என்றாள் தையல்காரி. அன்றைக்குச் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மனை அவள் பெயரில்தான் இருக்கிறது.

மனையின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். தெருப்பக்கம் ஒன்றாவது, இரண்டாவது குழி. நடுவில் ஆள் உயரத்துக்குச் செங்கல் அடுக்கு. அதற்குப் பின்னால் இடுப்பளவு பள்ளம். பள்ளத்தில், பின்வீட்டு மதிலை ஒட்டி மூன்றாவது குழி. மதிலுக்கு அந்தப் பக்கம் வெல்டரின் அக்கா வீடு. அதாவது தையல்காரியின் நாத்தனார். இந்த மனையை வாங்கித் தந்ததே அவள்தான். "தம்பி என் கண்ணு முன்னால இருக்கட்டும்" என்று சொல்லி, வேறு யாருக்கோ போக இருந்ததைப் பேசி முடித்தவள்.

வெயில் ஏறியது. மனையில் நிழல் என்று இருந்தது அந்த மதில் நிழல் ஒன்றுதான். தையல்காரி பள்ளத்தில் இறங்கி மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற இரண்டும் செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் இருந்தன. தெருவில் யாராவது வந்தால் சத்தம் கேட்காதா என்று நினைத்தாள்.

தையல் வேலை பார்க்கிறவளுக்குக் கண்ணளவில் நம்பிக்கை கிடையாது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துக் குழியின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்தாள். ஆறு இஞ்ச். பத்து மணிக்கு மறுபடி அளந்தாள். ஐந்தரை.

டேப் ஈரத்தில் நீண்டுவிட்டதோ? தன் விரலை வைத்து டேப்பைச் சரிபார்த்தாள். டேப் சரியாகத்தான் இருந்தது.

பத்தரைக்கு ஐந்து.

தண்ணீர் இறங்கினால் குழி ஆழமாகத் தெரிய வேண்டும். இந்த அளவோ குறைந்துகொண்டு வருகிறது. தலைகீழாகப் பிடித்து அளக்கிறோமா? கம்பெனியில் ஒருநாள் கூட அவள் இந்தத் தப்பைச் செய்ததில்லை. மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் ஐந்து.

*

பதினொன்றேகாலுக்கு இன்ஜினியரம்மா வந்தபோது வெல்டரும் பட்டறையில் சொல்லிவிட்டு வந்து நின்றான். மாமியாரும் தெருக்கோடியிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்துசேர்ந்தாள்.

ஒன்றாவது குழி. இன்ஜினியரம்மா ஸ்கேலை இறக்கினாள். முகம் சுருங்கியது.

"ஒன்பது இஞ்ச் இறங்கியிருக்கு. ரெண்டு மணி நேரத்துல. இது மண்ணா, சல்லடையா?"

"நல்ல மண்ணு மேடம். உறிஞ்சுது" என்றான் வெல்டர் பெருமையாக.

"நல்லதா? இவ்வளவு வேகமா இறங்கினா அழுக்கு வடிகட்டாம நேரா நிலத்தடித் தண்ணியில போய்ச் சேரும். இதுக்கும் அனுமதி கிடையாது."

வெல்டரின் வாய் பாதியில் நின்றது. "வேகமா இறங்கினா பாஸ் இல்லையா?"

"யார் சொன்னா?"

"பட்டறையில ஒருத்தன்..."

இரண்டாவது குழி. அதில் ஸ்கேலே தேவைப்படவில்லை. ஆணியைக் காணோம். ஆணிக்கு மேலே நான்கு விரல் தண்ணீர் நின்றது.

"இது என்ன? அது சல்லடைன்னா இது சிமெண்டா? சிமெண்ட் தரையில ஊத்தினாக்கூட ஊத்தின அளவுக்கு மேல நிக்காது. பத்தடி தூரத்துல ரெண்டு குழி. எப்படிங்க இது?"

தையல்காரி கணவனைப் பார்த்தாள். கணவன் குழியைப் பார்த்தான். குழி யாரையும் பார்க்கவில்லை.

"பதறாதீங்கம்மா" என்றாள் மாமியார், நிதானமாக. "நான்தான் ஊத்தினேன்."

"என்னது?"

"பத்தரைக்கு ஒரு தடவை வந்து பாக்குறேன், பாதிக்கு வத்திக் கெடக்கு. மருமகளைக் காணோம். டிரம்முல தண்ணி இருந்துச்சு, எடுத்து ஊத்தினேன். அந்தக் குழிக்கும் ஊத்தலாம்னா டிரம் காலியாயிருச்சு."

மாமியார் முப்பது வருடம் கட்டட வேலை பார்த்தவள். சாந்துச் சட்டி சுமந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் புதுச் சுவருக்கும் புதுத் தளத்துக்கும் தண்ணீர் காட்டுவதுதான் வேலை. காய விட்டால் வெடிக்கும். மேஸ்திரி கண்டபடி திட்டுவான். ஈரம் குறைந்த இடத்தைப் பார்த்தால் அவள் கை தானாகக் குடத்தைத் தேடும். அவளுக்கு வேறெதுவும் தோன்றியிருக்காது.

"அத்தை! கை வைக்கக் கூடாதுன்னு நேத்தே சொன்னேனே!"

"கைய எங்க வெச்சேன்? பிளாஸ்டிக் மக்காலதான் ஊத்தினேன்."

இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. "இருங்க. பாதிக்கு வத்தியிருந்துச்சா? இந்த மண்ணுல அவ்வளவு சீக்கிரம் வத்தாதே?"

எல்லார் கண்ணும் வெல்டர் மேல் போனது. அவன் கால்சட்டை முழங்கால் வரை நனைந்து, சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவன் வானத்தைப் பார்த்தான். மழை வருமா என்று பார்ப்பவன் மாதிரி.

"ஏங்க," என்றாள் தையல்காரி, "எப்ப வந்தீங்க?"

"டீ குடிக்க விட்டாங்கல்ல, பத்து மணிக்கு... ஒரே ஒரு வாளி. முன்னால இருக்கிற ரெண்டுலயும் ஒவ்வொரு வாளி. அவ்வளவுதான் எடுத்தேன்."

"ஈ உக்காராதுன்னு மேடம்கிட்டச் சொன்னேனேடா பாவி மனுஷா!"

"நீ எங்க இருந்த? உன்னைத் தேடினேன், காணோம். சரி, கக்கூஸுக்கு வரிசையில நிக்கப் போயிட்டியாக்கும்னு நெனச்சேன்."

இன்ஜினியரம்மா ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தாள். "ஒருத்தர் எடுத்திருக்கீங்க, ஒருத்தர் ஊத்தியிருக்கீங்க. மண்ணு என்ன செஞ்சுச்சுன்னு இனிமே மண்ணுக்கே தெரியாது. 'சோதனையில் தலையீடு'ன்னு எழுதணும். எழுதினா ஃபைல் மூடிரும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி விண்ணப்பம் போடுங்க."

ஆறு மாதம். நூற்றெண்பது காலை. தையல்காரிக்குக் கணக்கு தானாக ஓடியது. வாளி, வரிசை, உடைத்த தாழ்ப்பாளுக்குப் பதிலாகக் கட்டியிருக்கிற கயிறு.

"மேடம், மூணாவது பாருங்க. அதுல யாரும் கை வைக்கல. நான் அங்கதான் உக்காந்திருந்தேன். எந்திரிக்கவே இல்ல."

"அதுல எவ்வளவு இறங்கியிருக்கு?"

தையல்காரி தயங்கினாள். "இறங்கல. ஏறியிருக்கு."

"ஏறியிருக்கா?" வெல்டர் தலையில் அடித்துக்கொண்டான். "உனக்கும் வெயில் ஏறியிருச்சா? தண்ணி எப்படிடி தானா ஏறும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அரைமணிக்கு ஒருக்கா அளந்தேன். ஆறு இருந்துச்சு, அஞ்சரை ஆச்சு, அஞ்சு ஆச்சு."

இன்ஜினியரம்மா பள்ளத்தில் இறங்கினாள். மாமியாரால் அங்கே இறங்க முடியாது. மேலேயே கம்பை ஊன்றி நின்றாள். இன்ஜினியரம்மா ஸ்கேலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீரை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இந்தக் குழிக்கு என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"அதே டிரம் தண்ணிதான்."

"மோந்து பாருங்க."

தையல்காரி மோந்தாள். சோப்பு. துணி துவைக்கிற சோப்பு. அதற்கு அடியில் வேறொரு வாடை. பதினோரு வருடம் வாளியோடு காத்து நின்ற மூக்குக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்ஜினியரம்மா மதிலை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த வீடு யாருது?"

மதிலுக்கு மேலே நாத்தனார் வீட்டு மாடிக் கொடியில் துணிகள் ஆடின.

"என் அக்கா வீடு" என்றான் வெல்டர்.

"அவங்க தொட்டி எந்தப் பக்கம்?"

"தெரியல மேடம். நான் வாசல் கேட்டும் ஜன்னல் கம்பியும் மட்டுந்தான் போட்டேன்."

"குழாய் போனதைப் பாத்திருப்பீங்களே?"

"நான் மேலதான் பாத்தேன். கீழ பாக்கல."

"உங்க குடும்பத்துல யாருமே கீழ பாக்கறதில்ல போல" என்று சொல்லிவிட்டு இன்ஜினியரம்மா பையிலிருந்து தீப்பெட்டி அளவு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். "இது சாயப் பொடி. அந்த வீட்டுக் கக்கூஸ்ல கொட்டி நல்லாத் தண்ணி விடணும். இந்தக் குழியில பச்சை வந்தா, தப்பு உங்க மண்ணுமேல இல்ல. அவங்க குழாயை மாத்தச் சொல்லிட்டு, உங்களுக்குச் சோதனையைப் புதுசா செய்யலாம். பச்சை வரலேன்னா, வேற எங்கிருந்தோ ஊறுது. ஊறுற மனையில வீடு கட்ட அனுமதி இல்ல. ஆறு மாசம் கழிச்சும் இல்ல."

"அப்ப நீங்களே..."

"நான் செய்யணும்னா நோட்டீஸ், பதிலு, பதினஞ்சு நாள். உங்க சொந்த அக்காதானே? ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொட்டுங்க. நாளைக்குக் காலையில ஒன்பதுக்கு வர்றேன். அதுவரைக்கும் ஃபாரத்துல எதுவும் எழுதல. கையில படாமப் பாத்துக்குங்க. பட்டா ரெண்டு நாளைக்குப் போகாது."

அவள் போய்விட்டாள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு! வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குடும்பம் எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

"நான் அக்காகிட்டக் கேக்க மாட்டேன்" என்றான் வெல்டர். "கேட்டா, மனையை வாங்கிக் கொடுத்துட்டு உன் பீயையும் எங்க பக்கம் விட்டியான்னு கேட்ட மாதிரிதான் அது. அவ மூஞ்சிய நான் அப்புறம் எப்படிப் பாக்க?"

"அத்தை, நீங்க அந்த வீட்டு வேலையில சட்டி தூக்கினீங்களே. குழாய் எங்க விட்டாங்கன்னு பாக்கலையா?"

மாமியார் கம்பைத் திருப்பிப் பிடித்தாள். "எனக்கு முட்டி கடுக்குது. நான் வீட்டுக்குப் போறேன்."

வீட்டுப்பக்கம்தான் நடந்தாள். ஆனால் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

*

நான்கு மணிக்குத் தையல்காரி நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள். பொட்டலம் கைப்பைக்குள் டேப்புக்கு அடியில் இருந்தது.

"வா வா. என்ன இந்த நேரத்துல? கம்பெனி இல்லையா?"

"லீவு போட்டேன் அண்ணி." கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வாயில் வேறு வார்த்தை வந்தது. "கொஞ்சம் பாத்ரூம் போகணும்."

"அதுக்கென்ன, போ. அங்க ஆறு பேரு கதவைத் தட்டுவாங்க. இங்க நிம்மதியா இரு." நாத்தனார் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நல்லவள்தான். நல்லது செய்ததை நினைவூட்டிக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான்.

வெள்ளை ஓடு பதித்த அறை. உட்கார்ந்து எழப் பக்கவாட்டில் கைப்பிடி. அந்தக் கைப்பிடியைத் தையல்காரி ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியாருக்கு இப்படி ஒன்று போதும். ஒரே ஒரு கைப்பிடி.

பொட்டலத்தைப் பிரித்தாள். பொடி செங்கல் நிறத்தில் இருந்தது. இன்ஜினியரம்மா பச்சை என்றாளே, தவறான பொட்டலத்தைக் கொடுத்துவிட்டாளா? கொட்டினாள். தண்ணீர் பட்டதும் பளீரென்று பச்சை. பயந்து ஃபிளஷ் கயிற்றை இழுத்தாள். பிறகு வாளி வாளியாக ஊற்றினாள். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. தேய்த்தாள். போகவில்லை.

வெளியே வந்ததும் நாத்தனார் சிரித்தாள். "என்ன, குளிச்சிட்டியா? அவ்வளவு தண்ணி விடுற சத்தம் கேட்டுச்சு."

"இல்ல அண்ணி... ரொம்பச் சுத்தமா இருக்கு. வாடையே இல்ல."

"வராது. மூணு வருஷமா ஒருதடவைகூட அடைச்சதில்ல தெரியுமா."

"எங்க போகுது அண்ணி?"

"யாரு கண்டா. எனக்கும் அவருக்கும் அப்ப வேலை நேரம். குழாய் போட்ட நாலு நாளும் அம்மாதான் கூட நின்னு பாத்துக்கிட்டாங்க. அவங்களைக் கேளு, எல்லாம் தெரியும்."

தையல்காரி விரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டாள்.

*

மனைக்குத் திரும்பியபோது மணி ஐந்தரை. சுற்றுவழி. வழி நெடுக ஒரே கேள்வி. மாமியாருக்குத் தெரிந்திருந்தால் மனை வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? குழாய் விட்ட காலத்தில் இது வெறும் புறம்போக்காகக் கிடந்த பள்ளம் என்று நினைத்திருப்பாளோ? இல்லை, தெரிந்தும் பேசாமல் இருந்தாளா? இருந்தால் எதற்காக? இந்த வீடு யாருக்காக? அவளுடைய முட்டிக்காகத்தானே!

செங்கல் அடுக்கைத் தாண்டினாள். நின்றுவிட்டாள்.

பள்ளத்துக்குள் மாமியார் இருந்தாள். கம்பு மேலே கிடந்தது. எப்படி இறங்கினாளோ, உட்கார்ந்து சறுக்கி இறங்கியிருக்க வேண்டும், பின்பக்கமெல்லாம் மண். மூன்றாவது குழிக்கு முன்னால் கால்களை நீட்டிக்கொண்டு, மக்கால் மொண்டு மொண்டு செங்கல் அடுக்கின் அடியில் வீசிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் தண்ணீர் ஊற்றியே பழகின கை. இறைத்துக்கொண்டிருந்தது.

வீசின தண்ணீர் பச்சை. குழி பச்சை. மாமியாரின் இரண்டு கையும் மணிக்கட்டு வரை பச்சை.

"அத்தை."

மாமியார் திரும்பினாள். மக்கை வைக்கவில்லை. "நிக்க மாட்டேங்குதும்மா" என்றாள், புகார் சொல்கிற குரலில். "எடுக்க எடுக்க வருது."

"ஏன் அத்தை?"

"நான் இந்தப் பக்கம் விடச் சொன்னது பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் தெரியாதும்மா" என்று மாமியார் மக்கைப் பள்ளத்து விளிம்பில் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் குழந்தை மாதிரி மேலே நீட்டினாள். "முதல்ல தூக்கிவிடு. எந்திரிக்க முடியல."

புதன்கிழமை தூக்கிய அதே பிடி. அக்குளுக்குள் கையைக் கொடுத்து, முட்டியைத் தன் முட்டியால் முட்டுக் கொடுத்து, மேலே ஏற்றினாள். ஏறி வந்ததும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. தையல்காரியின் மணிக்கட்டில் ஐந்து பச்சை விரல் பதிந்திருந்தது.

"கை கழுவத் தண்ணி ஊத்து."

டிரம்முக்குள் மக்கை விட்டாள். அடியில் இடித்துச் சத்தம் கேட்டது.

"காலையில எல்லாத்தையும் ரெண்டாவது குழியில ஊத்திட்டீங்களே."

பின்வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். பள்ளத்தில் மெல்லக் களகளவென்று சத்தம் வந்தது.

அப்போது தெருவில் சைக்கிள் வந்து நின்றது. "என்ன, வந்துச்சா?" வெல்டரின் குரல், செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கமிருந்து. "அக்காகிட்டக் கேட்டியா? பச்சை வந்துச்சா, வரலையா?"

மாமியார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

தையல்காரியும் கொண்டுபோனாள். ஏன் தானும் மறைத்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.